காளியண்ணன் காபி கிளப்

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, கரிவாயுவில் ஓட்டினார்கள். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற பஸ், எலச்சிபாளையம் தாண்டியதும் இளைத்துப்போய் நின்றுவிடும். மறுபடி கரி கொட்டிக் கிளறி அதைக் கிளப்புவதற்குள் உள்ளே இருப்பவர்களுக்குப் பசித்துவிடும். கந்தம்மாள் அந்த இடம் பார்த்து, புளியமரத்தடியில் பணியாரக்கல்லை வைத்தாள். கூடவே கருப்பட்டிக் காபி.

அவள் புருஷன் காளியண்ணன் முன்பு வாடகைக்குப் பார வண்டி ஓட்டியவன். லாரி வந்து அந்தப் பிழைப்பைத் தின்றுவிட்டது. மாடுகளை விற்றுவிட்டு, இப்போது மனைவியின் கடைக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். கேட்பவர்களிடம் மட்டும், சும்மா ஒத்தாசைக்கு வந்தேன் என்பான்.

சாலையோரம் தின்பண்டம் விற்க லைசென்ஸ் வேண்டும் என்று பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னான். போய் வாங்கி வரும்படி கந்தம்மாள் புருஷனைக் கெஞ்சிப் பார்த்தாள். அடுப்புக்கும் சட்டிக்கும் எவனாவது லைசென்ஸ் வாங்குவானா என்று அவன் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான். அவளே போனாள். குமாஸ்தா புருஷன் பேரைக் கேட்டார். கட்டியவன் பேரை அவள் எப்படிச் சொல்வாள்? தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்குப் பதிலாகச் சொல்லப் பக்கத்தில் ஆளும் இல்லை. குமாஸ்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. அப்பன் பேரையாவது சொல் என்றார். அதைச் சொன்னாள். ‘செங்கோடன் மகள் கந்தம்மாள்’ என்று லைசென்ஸ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாள்.

காளியண்ணனுக்கு வயிறு எரிந்தது. மாமனார் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. அவர் பேர் கண்ணாடிக்குள் இருக்கிறது, தன் பேர் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனான்.

“உங்க பேரை என்ற வாயால எப்படிங்க சொல்றது?” என்றாள் அவள்.

அது மரியாதை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. அதற்குள் கண்டக்டர் வேறு, ‘கந்தம்மா கடை எறங்கு’ என்று கூவ ஆரம்பித்துவிட்டான். முன்பின் தெரியாதவன்கூட அவனைப் பார்த்து, கந்தம்மா வீட்டுக்காரர்தானே என்று கேட்டான். காளியண்ணன் நாமக்கல் போய், கொட்டை எழுத்தில் பலகை எழுதி வாங்கி வந்தான். ‘காளியண்ணன் காபி கிளப்.’ மரத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, அன்று முழுக்க அதன் அடியிலேயே நின்றான். கந்தம்மாள் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் சானிடரி இன்ஸ்பெக்டர் அதே பஸ்ஸில் வந்து இறங்கினார். பலகையைப் படித்தார். லைசென்ஸைப் படித்தார். லைசென்ஸை இன்னொருவனுக்குக் கைமாற்றிவிட்டால் ரத்து செய்து கடையை எடுத்துவிடுவேன் என்றார். யார் அந்தக் காளியண்ணன் என்று கேட்டார். பஸ் ஜனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

காளியண்ணன் தோளில் குடத்தோடு நின்றிருந்தான். அந்தக் கடை போனால் வீட்டில் வேறு வருமானம் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது அவனால் முடியவில்லை.

“நாந்தானுங்க. கடை என்னுதுங்க,” என்றான்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

கந்தம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்தாள். புருஷனை ஒருமுறை பார்த்தாள்.

“சாமி, கடை என்னுதுங்க. இவன் தண்ணி சுமக்கற கூலியாளுங்க. ஆசைப்பட்டுத் தன் பேரை எழுதி மாட்டிப்புட்டான்.”

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கூலியாள் தன் பேரைப் பலகையில் எழுதுவானா என்று சிரித்தார். அப்படியானால் வேலை ஏவு, பார்க்கலாம் என்றார்.

கந்தம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“காளியண்ணா,” என்றாள். “அய்யாவுக்குக் கை கழுவத் தண்ணி கொண்டா.”

பதினெட்டு வருஷத்தில் அவள் வாயில் அந்தப் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. காளியண்ணன் குடத்தை இறக்கினான். சொம்பில் மொண்டு வந்து, இன்ஸ்பெக்டர் கையில் ஊற்றினான். அவர் செருப்பிலும் கொஞ்சம் சிந்தியது. பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். கடை நிலைத்தது.

தன் பேர் சாலை முழுக்கத் தெரிய வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டான்? இப்போது பஸ் நின்றால் போதும், ஜன்னலுக்கு ஜன்னல் ‘காளியண்ணா, தண்ணி’ என்று கூப்பிடுகிறார்கள். அவனும் ஓடுகிறான். கந்தம்மாள் மட்டும் பழையபடி ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தக் குரலுக்கு அவன் திரும்புவதில்லை.