தேயாத டயர்

"சீக்கிரம் கெட்டுப்போற டயரா ஒண்ணு பார்த்துக் குடு" என்றாள் அம்மா.

யாருடைய சட்டைக்கோ பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, நான் கேட்டேனா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, அப்படி யாராவது தேடி வாங்குவாங்களா?"

"ஏன் வாங்கக் கூடாது? நாலு தெரு தாண்டினதும் புஸ்ஸுனு போகட்டும். உருட்டிக்கிட்டு வீடு வந்து சேருவான். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கை கால் கழுவிட்டு வாடான்னு மட்டும் சொல்லுவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அண்ணன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். வீடு வீடாக சைக்கிளில் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. இந்த ஊரில் எந்த மாடியில் மூட்டு வலி, எந்தச் சந்தில் சர்க்கரை என்று அவனுக்குத் தெரியும். கடையில் நீண்ட விடுப்புக் கேட்டு வாங்கிவிட்டான். மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கி, கடல் வரை போய்விட்டுத் திரும்பப் போகிறானாம். தனியாக.

எதற்கு என்று அம்மா பல விதமாகக் கேட்டுப் பார்த்தாள். ஒருநாள் மட்டும், "இங்க கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்மா. அடுத்த திருப்பத்துல என்ன இருக்குன்னு தெரியாம ஒரு தடவை ஓட்டணும்" என்றான். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்து, பேசாமல் இருந்து பார்த்தாள். பிறகு அழுதாள். எதற்கும் அவன் கோபப்படவில்லை என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கோபித்துக்கொள்கிறவனைச் சமாதானம் செய்து நிறுத்திவிடலாம்.

கடைசியாக மிஞ்சியது டயர். பழைய டயர் தேய்ந்து உள்ளே நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. புது டயர் போடாமல் கிளம்ப முடியாது. அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அண்ணன் என்னிடம் விட்டிருந்தான்.

நான் வேதியியல் படித்துவிட்டு, ரப்பர் பொருட்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் இருக்கிறேன். செருப்பு அடிப்பாகம், கன்வேயர் பெல்ட், குழாய் வாஷர் எல்லாம் வரும். எவ்வளவு தேயும் என்று பார்த்துச் சொல்வது என் மேசையின் வேலை. அதிகம் பேச வேண்டிய வேலை இல்லை. அதனால் எனக்குப் பிடிக்கும்.

அண்ணன் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன விஞ்ஞானி, டயர் என்னாச்சு?"

"என்ன மாதிரி வேணும்னு சொல்லேன்."

"உழைக்கணும். சாமான் எல்லாம் கட்டினா வண்டி பொணம் கனம் கனக்கும். மலைப் பாதையில கடை கிடையாது. வந்தப்புறம் மருந்துக்கும் அதே டயர்தான் ஓடணும். தனியா இன்னொண்ணு போட்டுக்கிட்டிருக்க முடியாது."

வந்தப்புறம் என்று அவன் சொன்னதை உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் கையில் ஊசி ஒரு கணம் நின்றது.

"அப்படியா சொன்னான்? அவனாவா சொன்னான்? நீ கேட்டுச் சொன்னானா?"

"அவனாத்தான்மா."

"ம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தைத்தாள். "இருந்தாலும் நான் சொன்னதை மனசுல வெச்சுக்கோ."

சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு எல்லா டயரும் ஏதாவது ஒரு மிருகம்.

"இது யானைம்மா. எவ்வளவு வேணா ஏத்து. இது குதிரை, பறக்கும். இது இருக்கே…" என்று மூன்றாவதைத் தேடினார். "இது மாடு. சாது. சும்மா ஓடும்."

"எது அதிகம் உழைக்கும்?"

"எல்லாமே உழைக்கும்! உழைக்காததை நான் எதுக்கு மாட்டி வைக்கிறேன்?"

அவரிடம் அதற்கு மேல் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளியே நின்று யோசித்துவிட்டு மறுபடி உள்ளே போனேன். ஓரத்துக் கம்பி கெட்டு விற்க முடியாமல் கிடக்கும் டயர்கள் இருக்கின்றனவா, அதே மூன்று ரகத்தில், என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கெட்டுப்போனதா கேட்கறே?"

"வெட்டிப் பார்க்கணும்."

"நல்ல குடும்பம்" என்றார். ஆனாலும் பின்பக்கம் போய்த் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஆய்வகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அவற்றிலிருந்து சிறு சிறு வட்டத் துண்டுகளாக வெட்டியெடுத்தேன். பார்க்க மாத்திரை மாதிரியே இருக்கும். எடை பார்க்க வேண்டும். பிறகு உப்புக்காகிதம் சுற்றிய உருளை மீது துண்டை அழுத்தி வைத்தால், உருளை சுற்றச் சுற்ற ரப்பர் தேயும். மறுபடி எடை. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தேய்மானம். இதைத்தான் தினமும் செய்கிறேன். ஆனால் அன்று துண்டை அழுத்தும்போது, அது சுற்றுகிற உருளையாகத் தெரியவில்லை. மலைப் பாதையாகத் தெரிந்தது.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, வீட்டு வேலையா?"

"அண்ணன் டயர்க்கா."

"எங்க வீட்டுக்காரர் செருப்பையும் கொண்டு வர்றேன், பார்த்துச் சொல்லு. ஒரு மாசம் தாங்க மாட்டேங்குது. செருப்பா அவரான்னு தெரியணும்."

மாடு என்று கடைக்காரர் சொன்ன டயர்தான் எல்லாவற்றிலும் அதிகம் தேய்ந்தது. விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். குதிரை நடுவில். யானை கிட்டத்தட்டத் தேயவே இல்லை. எடை போட்டதில் தப்போ என்று இன்னொரு துண்டு வெட்டிச் செய்து பார்த்தேன். அதே விடை. நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலித்தது. ரப்பருக்குக் கீழே முள்ளும் கண்ணாடியும் ஏறாதபடி தடித்த பட்டை ஒன்றும் இருந்தது. மனதுக்குள் யாரோ கை தட்டுவதுபோல இருந்தது எனக்கு. எத்தனையோ வாஷர்களுக்கும் செருப்புகளுக்கும் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வேண்டிய ஒருவருக்காக ஒரு முறையும் பார்த்ததில்லை.

மிச்சத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மேசையில் வைத்தேன். யானையிலும் மாட்டிலும் சிலவற்றை அம்மாவுக்குக் காட்ட எடுத்துப் போனேன்.

"இதுல எது மட்டம்?" என்று கேட்டாள்.

மாட்டுத் துண்டைக் காட்டினேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மெத்துனு நல்லாத்தானே இருக்கு. இதையே போட்டுடு."

"அம்மா, டயர் போனா அவன் திரும்பி வரமாட்டான். ஆளில்லாத ரோட்டுல நின்னுக்கிட்டிருப்பான். அவ்வளவுதான்."

நான் இப்படி நேராகப் பேசுவது வழக்கமில்லை. அம்மா துண்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"படிச்ச பொண்ணு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உன் இஷ்டம்."

போகாதே என்று அவனிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். வாசல் வரை போய், எண்ணெய்க் கறையோடு அவன் சீட்டியடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். போகாதே என்று சொல்ல முடியாதவள் செய்யக்கூடியது தேயாத டயரைத் தேடித் தருவது ஒன்றுதான் என்று தோன்றியது.

இரண்டு சக்கரத்துக்கும் யானையையே வாங்கி வந்தோம். அது சக்கரத்தில் ஏறவே மறுத்தது. ஒரு பக்கத்தை அண்ணன் அமுக்கினால் மறுபக்கம் எகிறியது. நான் பிடித்துக்கொள்ள, அவன் இரண்டு கட்டைவிரலாலும் தள்ளி, கடைசிச் சாண் அளவு உள்ளே விழுந்தபோது இருவருமே மூச்சு வாங்கினோம்.

"இதைக் கழட்டணும்னா உன்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போகணும்."

"கழட்டவே வேண்டியிருக்காது. காத்தை மட்டும் இறுக்கமா வெச்சுக்கோ. குறைஞ்சா கல்லுல இடிச்சு ட்யூப் கடிபடும். தினம் காலையில பார்க்கணும். மறக்கக் கூடாது."

"உத்தரவு."

"இரண்டு வேளை சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதித் தரவா?"

அவன் சிரித்தான். அவன் வீடு வீடாகச் சொல்கிற வார்த்தை அது.

கிளம்பின காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அம்மா வெளியே வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். எல்லாப் பித்தானையும் இரட்டை நூலில் தைத்து வைத்த சட்டையை அவன் பையின் மேல் வைத்தாள். குனிந்து முன் டயரைக் கையால் தட்டிப் பார்த்தாள், மாதுளை வாங்குகிறவள் மாதிரி.

"கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

"உன் பொண்ணு தேடினது" என்றான் அண்ணன்.

அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

தினமும் பேசினான். பஞ்சர் இல்லை. கண்ணாடிச் சில்லு ஒன்று குத்தியும் உள்ளே போகவில்லை. மலையடிவாரத்திலிருந்து பேசும்போது குரலே மாறியிருந்தது. அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவனின் குரல். அம்மா மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் பொண்ணு மெஷின்ல வெச்சுப் பார்த்து எடுத்த டயர். எவ்வளவு ஓட்டினாலும் தேயாதாம்" என்று சொல்வது எனக்குக் கேட்டது.

அவன் மலை உச்சியைத் தாண்ட வேண்டிய நாளன்று மழை பிடித்துக்கொண்டது. ஆய்வகக் கண்ணாடி ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை பட்டு அந்த டப்பா கழுவுதொட்டிக்குள் கவிழ்ந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியின் அடிப்பகுதி வடிகால் பக்கமாகச் சரிந்திருக்கும். துண்டுகள் ஈரத்தில் விழுந்தன. மெத்தென்ற மாட்டுத் துண்டுகள் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. யானைத் துண்டுகள் வழுக்கிக்கொண்டே போய் வடிகால் மூடியில் சேர்ந்தன.

எடுத்து மறுபடியும் வைத்தேன். மறுபடியும் வழுக்கின.

ஒரு எஃகுத் தட்டை ஈரமாக்கி, இரண்டு ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாய்த்தேன். கொஞ்சம் சாய்த்ததுமே யானை கிளம்பிவிட்டது. மாடு வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றது.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பாடத்தில் படித்ததுதான். தேயாமல் இருக்க ரப்பரை இறுக்கினால், ஈரத் தரையைப் பிடிக்கும் குணம் பெரும்பாலும் குறையும். சைக்கிள் டயரில் மேலே வெட்டியிருக்கும் வரிகள் ஈரத்துக்கு ஒன்றும் செய்யாது, ரப்பர்தான் பிடிக்க வேண்டும். காற்றையும் இறுக்கினால் தரையில் படும் இடம் இன்னும் சிறுக்கும். எல்லாம் தெரியும். ஆனால் என் மேசைக்கு வரும் எதையும் நான் நனைத்ததே இல்லை. என் உருளை எப்போதும் காய்ந்தே சுற்றும். தேய்மானம் என்று கேட்பார்கள், தேய்மானம் சொல்வேன். அண்ணன் உழைக்கணும் என்றான், உழைப்பதைக் கொடுத்தேன்.

"என்னடி தட்டை வெச்சு விளையாடறே?" என்றாள் பக்கத்து மேசை அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

அண்ணனுக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. காத்தைக் கொஞ்சம் இறக்கு, இறக்கத்தில் மெதுவாகப் போ, முடிந்தால் மழை நிற்கும் வரை நில் என்று செய்தி அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை. சாயங்காலம் வரை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் கதவருகே நின்றிருந்தாள்.

"அண்ணன்தான்" என்று ஸ்பீக்கரில் போட்டாள். "இங்கயும் கொட்டுதுடா. நனைஞ்சிட்டியா?"

"முழுசா. பஸ் நிக்கற இடத்துல ஒதுங்கியிருக்கேன். உச்சியைத் தாண்டிட்டேன்மா! இனிமே எல்லாம் இறக்கம்தான்."

"அண்ணா, காத்தைக் கொஞ்சம் இறக்கிடு" என்றேன்.

"என்ன?"

"டயர்ல. ரெண்டு சக்கரத்துலயும்."

"குறைச்சா கல்லுல இடிச்சு ட்யூப் கடிபடும்னு நீதானே சொன்னே? காலையிலதான் கல்லு மாதிரி அடிச்சு வெச்சேன்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. மழைக்குக் கொஞ்சம் குறைச்சா நல்லது. அண்ணா, மழை விட்டப்புறம் இறங்கேன்."

"விடற மழையா இது? இருட்டறதுக்குள்ள கீழ ஊருக்குப் போயிடணும். கீழதான் தங்கறதுக்கு இடம். பிரேக் பிடிச்சா சக்கரம் டக்குனு நிக்குது, வண்டி மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய் நிக்குது. புதுசா ஐஸ்ல ஓட்டற மாதிரி இருக்கு." அவன் சிரித்தான். "டயருக்கு ஒரு கீறல் இல்ல விஞ்ஞானி. வெச்சிடறேன். இறங்கினதும் கூப்பிடறேன்."

"அண்ணா, வெக்காதே. டயர் வந்து…"

வைத்துவிட்டான்.

நான் மறுபடி அடித்தேன். மணி போகவேயில்லை.

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். "உச்சியைத் தாண்டிட்டானாமே" என்றாள். பிறகு, சற்றுக் கழித்து, வெட்கப்படுகிறவள்போல என் முழங்காலைத் தட்டினாள்.

"மட்டமான டயரைப் போடச் சொன்னேனே, என்ன புத்தி எனக்கு. பெத்தவ செய்யற வேலையா அது? நல்லவேளை நீ கேட்கலை. அந்த மெத்துமெத்துனு இருந்ததைப் போட்டிருந்தா இந்த மழையில என்னாகியிருக்கும்?"

நான் இன்னொரு முறை அவன் எண்ணை அடித்துப் பார்த்தேன்.

"நல்ல டயர்தானே?"

"நல்ல டயர்மா" என்றேன். "தேயவே தேயாது."

அவள் போனை எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். ஒலியைக் கூட்டிவிட்டாளா என்று ஒரு முறை எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தாள். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. இறங்கினதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தான்.