மூணாவது செட்டு

சரியாகப் பதினோரு மணிக்கு பெர்சிஸ் தறிக்கூடத்தின் மெயின் சுவிட்சை இறக்கினாள். இருபது விசைத்தறியும் ஒரே மூச்சில் அடங்கின. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"இன்னா பெர்சிஸு, கரண்டு பூட்ச்சா?" என்றார் எதிர்த் தறி வேணு.

"நான்தான் நிறுத்தினேண்ணா."

சுவருக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளி. அவள் மகள் பெபி அங்கே ஏழாவது. இந்த வருஷம் பத்து ஏஐ கம்ப்யூட்டர் வந்திருந்தது. பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, எந்த வகுப்புப் பாடத்துக்கு லாயக்கு என்று அதுவே சொல்லிவிடும். பெபியை மூன்றாம் வகுப்புப் பாடத்தில் போட்டது. இதுவரை வைத்த இரண்டு தேர்விலும். சர்ச்சில் பைபிள் சங்கீதத்தைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கிற பெண். "கவனம் எங்கடி மேயுது?" என்று பெர்சிஸ் அவள் முதுகில் இரண்டு வைத்தாள்.

நேற்றுதான் தமயந்தி டீச்சர் விஷயத்தைச் சொன்னார். பள்ளியும் தறிக்கூடமும் ஒரே லைன். தறிகள் ஓடும்போது வோல்டேஜ் விழுந்து கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. பாதியில் நின்ற வாசிப்பை, பிள்ளைக்குத் தெரியவில்லை என்று அது பதிந்துகொள்கிறது. யுபிஎஸ் பெட்டி வந்தது, பேட்டரி வரவில்லை. இன்று பதினொன்றுக்குக் கடைசித் தேர்வு. இன்று எங்கே போடுகிறதோ, வருஷம் முழுக்க அங்கேதான்.

காலையிலிருந்து பெர்சிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இழை அறுந்ததுகூடத் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

முதலாளி ஜெகநாதன் ஓடிவந்தார். "எவ மெயின எறக்கனது? நிறுத்தி ஓட்டினா துணியில கோடு வுழும்னு தெரியாது?"

"தெரியும் மொதலாளி. கோடு வுழுந்த சேலைய நான் கட்டிக்கிறேன். பொண்ணு மேல வுழுந்தா இன்னா பண்ணட்டும்?"

வேணு சிரித்தார். "வுடுங்க மொதலாளி, அவ பொண்ணு கலெக்டராயி நமக்குத் தனி லைன் போட்டுத் தருவா."

"எம் பையனுந்தான் திருத்தணில படிக்கிறான். நான் எவன் தறியயாவது நிறுத்தினனா?" என்றார் ஜெகநாதன்.

"அங்க ஸ்கூல்லியே ஜெனரேட்டர் கீதுங்க," என்றாள் பெர்சிஸ்.

ஜெகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி. அதோட சரி."

பெர்சிஸ் கொல்லைப்பக்கம் போய்ச் சுவரோரம் நின்றாள். பிள்ளைகள் வாசிப்பது கேட்டது. பெபி குரல் இல்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் கல்மேல் ஏறி, ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "டீச்சர்! பெபி படிச்சிட்டாளா?"

"பத்து பேரா உக்கார வெக்கிறேன்மா. பெபி மூணாவது செட்டு. இப்பதான் ரெண்டாவது முடியுது."

பத்து கம்ப்யூட்டர், முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவள் அதை யோசிக்கவே இல்லை. உள்ளே ஓடினாள்.

ஜெகநாதன் மெயின் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பெர்சிஸ் முந்திக்கொண்டு சுவிட்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"மூணாவது செட்டு முடியட்டும் மொதலாளி."

"கைய எடு."

எடுக்கவில்லை.

"எம் பையன் ராஜேஷும் அதே கிளாஸுதான?" வேணு கேட்டார். "அவன் எந்த செட்டு?"

"பேர் வரிசைண்ணா. கடைசியாதான் வருவான். நாலாவது."

வேணு சிரிக்கவில்லை. எழுந்து வந்து, மெயினுக்கு நேர் கீழே காலை நீட்டி உட்கார்ந்தார். "அப்போ நாலாவதும் முடியட்டும்."

"நாளைக்கும் இதே கூத்தா?" என்றார் ஜெகநாதன்.

சுவர் தாண்டி பெபியின் குரல் வந்தது. எந்த நிமிஷமும் கரண்டு போய்விடும் என்று பயந்தவள் மாதிரி, மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் படிடி," என்று முணுமுணுத்தாள் பெர்சிஸ். கை சுவிட்சிலேயே இருந்தது.