பித்தளைக் கடிவாளம்

வெளிநாட்டிலிருந்து இனவிருத்திக்குப் பொலிகுதிரை வாங்க ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு வெள்ளையடித்தார், லாயத்துக்கு வெள்ளையடித்தார், விட்டிருந்தால் குதிரைக்கும் அடித்திருப்பார். சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார். பார்த்து வயிறெரிய நாலு பேர் வேண்டாமா?

தங்கைக்கும் அந்த நாலு பேர்தான் வேண்டியிருந்தது. வரட்டும், எல்லாரும் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவள் புருஷன்தான் அந்தப் பண்ணையின் பொலிகுதிரைகளைப் பார்த்துக்கொண்டவன். போன வருஷம் துரை அவனை இரும்புக் கதவோடு வைத்து நசுக்கியதில் ஒரு கால் போயிற்று. துரை என்பது குதிரை. வேளைக்குத் தீனி, உடம்பு தேய்த்துவிட ஆள் என்று துரைமாதிரி வாழ்வதால் வந்த பெயர். கால் போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை குடித்துவிட்டுக் குதிரையைப் பிடித்தார் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷன். உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை கேட்டுப் போனால்கூட, அண்ணன் அழைத்திருந்த இதே பண்ணைக்காரர்கள் முதலில் அவன் வாயை முகர்ந்து பார்த்தார்கள். படுபாவிகள்.

நடந்தது என்ன என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். பொலிகுதிரைக்குத் தலையில் மாட்டுவது இரண்டு வகை. நடத்த, குளிப்பாட்ட, லாடம் அடிக்கத் தோல்வார். பெண்குதிரையோடு சேர்க்கும்போது மட்டும் சங்கிலி வைத்த பித்தளைக் கடிவாளம். அது தலையில் ஏறினாலே குதிரைக்கு விஷயம் புரிந்துவிடும். முற்றம்வரை பரம சாதுவாக வரும். அங்கே பெண்குதிரை கிடைக்கவில்லையென்றால் யார் கயிற்றைப் பிடித்திருக்கிறார்களோ அவர்கள் பாடு அதோகதிதான்.

அன்றைக்குப் போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தான். தோல்வார் பார்க்க நன்றாக இல்லை, பித்தளை பளபளவென்று இருக்கும் என்று அண்ணனே அதை மாட்டிவிட்டார். "வேணாம் மச்சான், பொல்லாப்பாயிடும்" என்று புருஷன் சொன்னான். "அட, ஒரு நிமிஷம் நில்லுங்க மாப்ள" என்று கயிற்றை அவன் கையில் திணித்தார். குதிரை அவனைக் கதவோடு நசுக்கி ஓய்ந்ததும், பண்ணையாட்கள் ஓடி வருவதற்குள் பித்தளையைக் கழற்றித் தோல்வாரை மாட்டிவிட்டார். தன் தலை தப்பினால் போதுமென்று போட்டோக்காரன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. புருஷன் சொன்னான், இவள் நம்பினாள், வேறு யாரும் நம்பவில்லை.

காலையில் இரண்டு குதிரைகளைக் காட்டியாயிற்று. வாங்க வந்த நரைத்த தாடிக்காரரும் அவருடைய கால்நடை மருத்துவரும் ஓட வைத்துப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், குளம்பைத் தட்டினார்கள். துரைதான் பாக்கி. குணம் எப்படி என்று தாடிக்காரர் கேட்பதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"குழந்தைங்க! யாரு வேணாலும் பிடிக்கலாம். போன வருஷம் ஒண்ணு நடந்துச்சு, அது நம்ம மாப்பிள்ளை தண்ணியடிச்சுட்டு வந்ததால," என்றார் அண்ணன். பண்ணைக்காரர்கள் சிரித்தார்கள். ஓரத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

போய்த் துரையைக் கூட்டி வந்தாள். பித்தளைக் கடிவாளத்தோடு. அது சமர்த்தாக, கழுத்தை வளைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்து வந்தது. தாடிக்காரர் அசந்துபோனார்.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீங்களே நடத்திக் காட்டுங்கண்ணே. குழந்தைதானே."

சொல்லிவிட்டு முற்றத்தின் மறுகோடிக் கதவருகே போய் நின்றுகொண்டாள். கதவுக்கு அப்பால், மரத்தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண்குதிரை. பக்கத்தில் லாயக்காரர் தயாராக நின்றார். எல்லாம் அவள் ஏற்பாடு. தாழ்ப்பாள்மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

துரை மூக்கை விரித்தது. கதவைப் பார்த்து ஒரு கனைப்பு, அடிவயிற்றிலிருந்து. முன்காலால் மண்ணைப் பறித்தது. கயிறு இழுபட, அண்ணனின் பளபளப்பான செருப்பு ஒன்று கழன்று போயிற்று.

"பாப்பா, கதவத் திற!"

"எதுக்குண்ணே?"

"விளையாடாத! திற!"

"எதுக்குன்னு சொல்லுங்க. கேக்கத்தானே இத்தனை பேரைக் கூப்பிட்டு வச்சிருக்கீங்க?"

குதிரை பின்னங்கால்களில் எழும்பியது. பண்ணைக்காரர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின்வாங்கினார்கள். "அவரு ஒண்ணும் குடிச்சிருக்கலையே, நல்லாப் பிடிக்கட்டும்" என்றாள் அவர்களைப் பார்த்து. திறக்காமல் விட்டுவிடுவாளோ என்ற பயம் அண்ணன் கண்ணில் தெரிந்தது. நியாயமான பயம். திறப்பாளா மாட்டாளா என்று அவளுக்கே அப்போது தெரியாது.

"பித்தளை மாட்டியிருக்குடி! எந்தக் கொம்பனாலயும் பிடிக்க முடியாது! ஆளைக் கொன்னுடும்!"

"அன்னைக்கு எது மாட்டியிருந்துச்சு?"

கயிறு அவர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது.

"இதான்! இதேதான்! நான்தான் மாட்டினேன்! மாப்ள குடிக்கல, போதுமா? அவரு வேணாம்னுதான் சொன்னாரு! திற தாயே!"

தாழ்ப்பாளை இழுத்தாள். துரை அண்ணனைப் புழுதியில் குப்புறத் தள்ளிவிட்டு அவளைத் தாண்டிப் பாய்ந்தது. தடுப்பருகே போனதும் கழுத்தை நீட்டிப் பெண்குதிரையை முகர்ந்துகொண்டு சாதுவாக நின்றுவிட்டது. லாயக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் கத்தியதை மொழிபெயர்ப்பாளர் வரி விடாமல் சொல்லி முடிக்கும்வரை தாடிக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இப்படிப்பட்ட வேகம்தான் தனக்கு வேண்டும், குதிரையை எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவருக்கென்ன, குதிரை வாங்க வந்தவர். மாப்பிள்ளை வாயை முகர்ந்து பார்த்த பண்ணைக்காரர்கள் மட்டும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புருஷன் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து வந்தான். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாயில் வந்தது, "அதோட வாயில புண்ணாகியிருக்கும். போய்ப் பாரும்மா" என்பதுதான். இந்த மனுஷனை என்ன செய்வது!

அண்ணன் புழுதியோடு எழுந்து உட்கார்ந்தார். உரிந்த உள்ளங்கைகளை அவளிடம் நீட்டிக் காட்டினார்.

"கூடப் பொறந்தவடி நீ. நான் செத்திருந்தா?"

"வாயைத் திறந்து உண்மையச் சொன்னா தப்பிக்கலாம்னு உங்களுக்கு ஒரு வழி வச்சிருந்தேன்ல? அவரு வாயைத் திறந்து உண்மையத்தானேண்ணே சொன்னாரு. நீங்க கயித்தைக் கையில திணிச்சீங்க."

அவர் கைகளை மடக்கிக்கொண்டார். அவள் குதிரையின் வாயைப் பார்க்கப் போனாள்.