இலை உருவிய மரம்

எங்கள் ஊர் வெக்கைக்கு ஆப்பிள் மரம் தானாகத் தூங்காது, நாம்தான் தூங்கவைக்க வேண்டும். குளிர் அதிகம் கேட்காத வகைதான். ஆனாலும் தண்ணீரை நிறுத்தி, இலையை ஒவ்வொன்றாகக் கையால் உருவி மொட்டையாக நிறுத்தினால்தான், குளிர்காலம் வந்துபோனதாக ஏமாந்து பூக்கும். இந்த ஏமாற்று வேலையை வருஷா வருஷம் செய்தவர் என் மாமியார். கூட நின்று அண்ணாந்து அண்ணாந்து எனக்குக் கழுத்து சுளுக்காத வருஷமே இல்லை.

மரம் இரண்டு, இரண்டும் வேறு வேறு ரகம். ஒன்றின் மகரந்தம் மற்றதற்குப் போனால்தான் காய் பிடிக்கும். மாமியார் போனபிறகு என் கணவரும் கொழுந்தனாரும் நடுவே சுவர் வைத்து வீட்டையும் தோட்டத்தையும் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு மரமாம். பெரிய நியாயஸ்தர்கள்!

பேச்சு அதற்கு முன்பே நின்றுவிட்டது. மாமியாருக்கு மூச்சுத் திணறியபோது பக்கத்தில் இருந்தவர் என் கணவர். வெளியூரில் வேலையிலிருந்த கொழுந்தனார் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "லேட்டாத்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனே" என்று தலைமாட்டில் நின்று சொன்னவர், பிறகு அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையை மாற்றிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் குடிவந்தும் பார்க்கவில்லை.

என் கணவர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். பழுதைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"ரெண்டு மரமும் ஒண்ணாப் பூக்கணும். காய் பிடிக்கட்டும். அவன் பறிக்க வரும்போது நான் இந்தப் பக்கம் நிப்பேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமலா போயிடுவான்?" என்றார்.

தம்பி என்றால் இந்த மனுஷனுக்கு உயிர். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கொழுந்தனார் குடும்பத்தோடு தன் மாமனார் வீட்டுக்குப் போயிருந்த சமயம், இவர் சுவரில் ஏணியைச் சாத்தினார்.

"சொல்லிட்டுச் செய்யுங்க" என்றேன்.

"போனை எடுத்தாத்தானே சொல்றதுக்கு? மொட்டையா நிக்கிறதைப் பார்த்தா அவனுக்கே புரியும். அம்மா செஞ்சதுதானே."

இலையெல்லாம் உருவிச் சாக்கில் கட்டி எடுத்து வந்தார். பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தக் கரைசலை அடித்தார். பட்டையெல்லாம் நீல நீலமாக வழிந்திருந்தது. அது பிந்திப் பூக்கிற ரகம் என்பதால், எங்கள் மரத்தை அடுத்த வாரம் உருவிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.

தம்பி அந்த மரத்தை மொட்டையாகப் பார்த்ததே இல்லை என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. அவர் வெளியூர் வேலைக்குப் போனபிறகு நட்ட மரம் அது; லீவுக்கு வந்ததெல்லாம் காய்க் காலத்தில்தான்.

அவர்கள் திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம் நாங்கள் வேலை முடிந்து வந்தபோது, சுவருக்கு மேலே தெரியும் மரத்தின் தலையைக் காணோம். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த வீட்டுக்குள் ஓடினார். நான் பின்னாலேயே போனேன். கணுக்கால் உயரத்துக்கு ஒரு கட்டை நின்றது. கொழுந்தனார் கையில் ரம்பம்.

"விஷத்தை அடிச்சுட்டுப் பார்க்க வேற வந்துட்டியா? நீ சுவரேறிக் குதிச்சதை எதிர் வீட்டுக்காரர் பார்த்திருக்கார்" என்றார்.

 இவர் விழுந்து கிடந்த கிளையொன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை. நுனியில் மொட்டு உப்பியிருந்தது.

"தூங்குதுடா" என்றார். "அம்மா வருஷா வருஷம் இப்படித்தான் தூங்கவைப்பாங்க."

கொழுந்தனார் கிளையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாய் கோணியது. "அப்போ ஏன் திருட்டுத்தனமா செஞ்சே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு இவர் தட்டில் கை வைக்கவில்லை.

"லேட்டாச்சுன்னுதான் கோபம்னு நெனச்சிட்டிருந்தேன். அது இல்ல. அம்மாவை நான் வேணும்னே போகவிட்டேன்னு நெனச்சிருக்கான். இல்லாட்டி மரத்தைப் பார்த்ததும் விஷம்னு ஏன் தோணணும்?"

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கொழுந்தனாரை நாலு அறை விட வேண்டும்போல் இருந்தது எனக்கு. நானும் அழுதேன்.

எங்கள் மரம் அந்த வருஷம் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காமல் அத்தனையும் உதிர்ந்தது. பெருக்கி அள்ளியவள் நான்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் காலையும் மாலையும் அந்தக் கட்டைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒருநாள் அவர் மனைவி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவள் என்னிடம் பேசி எத்தனையோ காலமாகிறது.

"அக்கா, துளிர் விட்டிருக்கு! இப்பத்தான் அவர் ஒழுங்காச் சாப்பிடறார். அத்தை மரம் பொழைச்சிருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார்."

இவர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். துளிருக்குக் குச்சி நட்டு, வெயில் படாமல் வலை கட்டியிருந்தது. வெகு நேரம் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஒட்டுக் கட்டின இடத்துக்குக் கீழே இருந்து வந்திருக்கு" என்றார். "அது காட்டு வேரோட துளிர். அம்மா வச்ச மரம் அதுல இல்ல. கோலிக்குண்டு அளவுல புளிப்புக் காய்தான் காய்க்கும்."

"அப்போ போய்ச் சொல்லுங்களேன். இப்பவே கிள்ளிட்டு வேற கன்னு வைக்கலாமே."

என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் போய்ச் சொல்றதா? கிள்ளிப் போடுன்னு?"