நாகூர் கைமா மெஷின்

வலங்கைமான் கடைத்தெருவில் செம்மொழியின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. காப்பிக்கொட்டை அரைப்பது, கறி கொத்துவது, ஐஸ்கிரீம் கடைவது எனக் கையால் சுற்றும் பழைய மெஷின்கள் துருப்பிடித்து நின்றுபோனால், அவளிடம் கொண்டுவருவார்கள். திருச்சியில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் லேத்தில் வேலை பார்த்தவள்.

போன தை மாதம் நாகூரிலிருந்து மூஸா என்பவர் வந்தார். அறுபது வயதிருக்கும். சாக்குப்பையிலிருந்து, கறி கொத்தும் இரும்புக் கைமா மெஷினை எடுத்து வைத்துவிட்டு மூன்று முறை தும்மினார்.

"வாப்பா பினாங்குலேருந்து கொண்டாந்தது. கைப்பிடி இல்ல. புதுசா ஒண்ணு செஞ்சு குடுங்கம்மா."

"தொலைஞ்சு போச்சா பாய்?"

"இல்ல. இருக்குற இடம் தெரியும்."

செம்மொழி மெஷினை வாங்கிக்கொண்டாள். ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துருவை எடுத்தாள். பிளேடைச் சாணை பிடித்தாள். கைப்பிடி வேலை மட்டும் பாக்கி.

அப்போது நாகப்பட்டினத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பெயர் சபுரா என்றார். கைப்பையிலிருந்து ஒரு கைப்பிடியை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு ஒரு கைமா மெஷின் செய்யணும்."

"கைப்பிடிக்கு மெஷின் செய்ய முடியாதும்மா."

"மெஷினுக்குக் கைப்பிடி செய்வீங்கல்ல?"

"செய்வேன்."

"அப்ப இதுவும் செய்யலாம்ல."

செம்மொழி கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். எழுந்து போய் அலமாரியில் இருந்த மெஷினில் அதைச் செருகினாள். தட்ட வேண்டியிருக்கவில்லை. தானாகவே போய் உட்கார்ந்தது.

சபுரா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா மவுத்தான பிறகு வீட்டைப் பாகம் பிரித்தபோது தம்பி மெஷினை எடுத்துக்கொண்டதாகவும், தான் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டதாகவும் சொன்னார். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை; தன் கணவர் இறந்தபோதுகூடத் தம்பி வரவில்லை. இரண்டு வீட்டிலும் கைமா கடையில்தான் வாங்குகிறார்கள்.

"அவன் எப்படி இருக்கான்?"

"தும்மிக்கிட்டே இருந்தாரு."

"அது சின்னதுலேருந்தே இருக்கு. மாத்திரை போடமாட்டான்."

கைப்பையை மூடிக்கொண்டே, "அவன் வரும்போது எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றார்.

மூஸா வந்த நாளில் சபுரா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் அரைக் கிலோ ஆட்டுக்கறி, எலும்பில்லாதது. மூஸா அக்காவைப் பார்த்தார். மெஷினில் இருந்த கைப்பிடியைப் பார்த்தார். பிறகு செம்மொழியிடம், "ஓடுதாம்மா?" என்று கேட்டார்.

"சுத்திப் பாருங்க."

சபுரா எழுந்து வந்து கறியைத் துண்டு துண்டாக மெஷினின் வாய்க்குள் போட்டார். மூஸா சுற்றினார்.

"மெதுவா சுத்தச் சொல்லுங்கம்மா" என்றார் சபுரா, செம்மொழியிடம்.

"வேகமா சுத்துனாத்தான் நைஸா வரும்னு சொல்லுங்க."

செம்மொழி இரண்டையும் சொல்லவில்லை. தட்டை மட்டும் நகர்த்திப் பிடித்தாள்.

பாதிக் கறி முடிந்தபோது மூஸாவின் கை நின்றது. குனிந்தபடியே, "மச்சான் மவுத்துக்கு நான் வந்திருக்கணும் லாத்தா" என்றார்.

"வந்திருக்கணும்" என்றார் சபுரா. "சுத்து. நரம்பு மாட்டியிருக்கு."

மெஷின் யாருக்கு என்பதில் மறுபடி சிக்கல் வந்தது. நீயே வைத்துக்கொள் என்று இருவரும் சொன்னார்கள், கொஞ்சம் கோபமாகவே. கடைசியில் எட்டுக் கிலோ இரும்பை மூஸா தோளில் வைத்துக்கொண்டு அக்காவின் பின்னால் நடந்தார். குடவாசல் வழியாகத் திருவாரூர் போகும் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். சீட் தனித்தனியாகத்தான் கிடைத்தது.

பத்து நாள் கழித்து மூஸா போன் செய்தார். இன்னும் சின்ன ஓட்டை போட்ட சல்லடைத் தட்டு ஒன்று வேண்டுமாம்.

"எந்த வீட்டுக்கு அனுப்பணும் பாய்?"

பின்னாலிருந்து சபுராவின் குரல் ஏதோ சொன்னது. மூஸா போனைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னார். பேச்சு நீண்டுகொண்டே போனது. செம்மொழி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு காப்பி மெஷினின் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினாள்.