தாழ் கழற்றிய தெரு

கீழ்வானம் செம்பஞ்சுக் குழம்பு தீட்டியதெனச் சிவக்க, ஆற்றின்மேல் படர்ந்திருந்த வெண்பனி மெல்லிய துகில்போல் நெகிழ்ந்து விலக, ஒன்றன் தோள்மேல் ஒன்று சாய்ந்து துயில்வனபோல் ஓட்டுக்கூரைகள் அணிவகுத்த அத்தெரு, அன்பரே, அன்று உளியோசை கேட்டே கண்விழித்தது. தச்சர் வீடுதோறும் புகுந்து கதவுகளின் தாழ்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். போட்டதும் தாமே, கழற்றுவதும் தாமே, எப்படியும் தம் வீட்டில் உலை கொதித்துவிடும் என்று அவர் முணுமுணுத்ததற்கு எவரும் சிரிக்கவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன், கலகம் மூண்ட நாளில், தீப்பந்தம் ஏந்திய கூட்டமொன்று கூடைக்காரியின் வீட்டை உடைத்துக் கொளுத்தி, அவள் கணவனைத் துரத்தியபோது, அவன் தட்டாத கதவு அத்தெருவில் இல்லை. திறந்த கதவும் இல்லை. இறுதியாக அவன் தட்டியது தையற்காரியின் கதவு. தாழின்மேல் கைவைத்தவாறே நின்ற அவள் அதை நீக்கவில்லை. ஓசை அடங்கியது, அவன் மாண்டான், அவளது நெஞ்சிலோ அவ்வோசை, சதைக்குள் முறிந்த ஊசிமுனைபோல் அசையுந்தோறும் குத்தியது. ஆகவே, அகன்று சென்ற கூடைக்காரி மகளோடு மீள்கிறாள் என்றறிந்ததும், அவள் இல்லத்தைத் தெருவார் கூடிப் புதுக்கினர்; இனி ஒரு கதவுக்கும் தாழ் வேண்டாவென்று தையற்காரி சொன்ன சொல்லுக்கும் இசைந்தனர்.

கூடைக்காரி வந்தாள். சுண்ணாம்பின் வெண்மையை ஒருத்தி காட்ட, புது அடுப்பை மற்றொருத்தி காட்ட, அவள் கையோ கதவின் பின்புறத்தைத் தடவி, வெறுந்துளைகளில் நின்றது. மூட்டையை இறக்காமலே வாயிற்படிக்கு மீண்டாள்.

"அக்கா, தாழ்ப்பாள் எங்கே?"

தெரு முழுவதும் கழற்றிவிட்டதைத் தையற்காரி சொன்னாள்.

"அதுல உங்க மனசு ஆறும். நான் எப்படிக் கண்ணை மூடுறது? நீங்க திறக்காதது உங்க கதவை. அவங்க உடைச்சுக்கிட்டு வந்தது என் கதவை."

தையற்காரி தச்சரின் குவியலில் துழாவித் தன் இரும்புத்தாழை எடுத்துவந்தாள்.

"அன்னைக்கு என் கை இதுமேலதான் இருந்துச்சு. நான் எடுக்கல. மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு வாயில்ல. இருந்தாலும் கேக்கறேன்."

கூடைக்காரி அத்தாழைக் கையில் வாங்கி எடைபார்த்தாள். "கெட்டியானதா?"

"கெட்டிதான். எனக்குத் தெரியும்."

"அப்போ இதையே போடச் சொல்லுங்க. யாரை உள்ள விடணும்னு இனிமே நான் சொல்றேன்."

தச்சர் பொருத்தி முடித்ததும், கூடைக்காரி மகளை அணைத்து உட்சென்று கதவை அடைத்தாள். தாழ் விழும் ஓசை தெருவெங்கும் கேட்டது. ஒவ்வொருவராய்க் கலைந்தனர். தையற்காரி மட்டும், தட்டுவதற்குத் தனக்கு உரிமையில்லை என்றுணர்ந்தவளாய்ப் படியிலேயே அமர்ந்தாள். வெயில் ஏறி அவள் மடியை நிறைத்தது. பின்னர் உள்ளிருந்து தாழ் நீங்கியது.

"அக்கா, உங்க புது அடுப்பு ஒரேயடியா புகையுது. வந்து என்னன்னு பாருங்க."

மன்னித்தாளா என்று அன்று எவரும் கேட்டிலர்; புகை மண்டிய அவ்வறையில் இருவர் கண்களும் நீர் சொரிந்தன; அடுப்பின்மேல் பழிபோட்டு இருவரும் துடைத்துக்கொண்டனர். மறுநாள் எல்லாக் கதவுகளும் தத்தம் தாழ்களைத் திரும்பப் பெற்றன. ஆயினும் அத்தெருவில், அதன்பின் கதவைத் தட்டிய எந்தக் கையும் இரண்டாம் முறை தட்ட நேர்ந்ததில்லை.