சிவப்புச் சீட்டு

எலிக்கு வலித்தால் எலி சொல்லாது. சொல்லாதது மட்டுமில்லை, ஆள் வரும் சத்தம் கேட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியாடிக் காட்டும். நோஞ்சான் என்று தெரிந்தால் யாராவது பிடித்துத் தின்றுவிடுவார்கள் என்கிற பயம் அதன் ரத்தத்தில் ஊறியது. அதனால் அந்த ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு முதல் பாடமே இதுதான்: கதவைத் திறந்ததும் விறுவிறுவென்று உள்ளே போகாதே. வாசலில் நில். அவை உன்னைக் கவனிப்பதற்குள் நீ அவற்றைக் கவனித்துவிடு.

இதில் எலியக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெருவில் கிண்டலுக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. எலிக்கு ஆகாது என்று வாசனை சோப்பைத் தொடமாட்டாள். எவனாவது எலியை வாலைப் பிடித்துத் தூக்கினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன் காதைப் பிடிச்சு அந்தரத்துல தொங்கவிட்டா நல்லா இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, அட்டைக் குழாயைப் பெட்டிக்குள் நீட்டுவாள். எலி தானாக நுழைந்ததும் குழாயோடு தூக்குவாள். பெட்டி மாற்றும்போது பழைய கூட்டிலிருந்து கொஞ்சம் காகிதக் கீற்றையும் புதுப் பெட்டியில் வைப்பாள். சொந்த வாசனை இல்லாத வீட்டில் ஆண் எலிகள் ஒன்றையொன்று குதறிவிடும்.

சுகமாக இருக்கிற எலி அந்தக் கீற்றுகளை இழுத்து, கிழித்து, கிண்ணம்போலக் கூடு கட்டிவிடும். முடியாத எலி கட்டாது. கீற்று போட்டது போட்டபடி கிடக்கும். பிறகு முகம். கண் இடுங்கும், கன்னம் உப்பும், காது பின்னால் மடங்கும். வாசலில் நின்றபடி அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் எலியக்கா பெட்டியின் முன்னால், நோய் கண்டதற்கு அடையாளமாக, ஒரு சிவப்புச் சீட்டைச் செருகிவிட்டுப் போவாள். மறுநாள் அந்தப் பெட்டி காலியாக இருக்கும்.

"அக்கா சீட்டு வச்சா சீட்டு கிழிஞ்சுது!" என்று பெட்டி கழுவுகிறவர் சிரிப்பார். அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் காலியான பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த எலி என்ன ஆயிற்று என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. கேட்கத் தைரியமில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், பழக்கதோஷம், வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே புருஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர், வாட்டசாட்டமான ஆள், தலைவலி என்றுகூட முனகமாட்டார். கண் இடுங்கியிருந்தது. கன்னம் இறுகியிருந்தது. வலது கை அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

அவள் ஓர் அடி எடுத்துவைத்தாள். செருப்பு உரசிய சத்தம் கேட்டதும் அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"வாங்க மகாராணி! எலிங்களைத் தூங்க வச்சிட்டு வர்றீங்களா?"

"ஏங்க, உடம்பு..." என்று ஆரம்பித்தாள். சொன்னால்? அவள் கண்ணில் பட்டு, அவள் வாயால் சொன்னது எதுதான் பிழைத்திருக்கிறது? பைத்தியக்கார நினைப்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், பயம் விடவில்லை. "உடம்பு கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்று மாற்றிவிட்டாள்.

அவர் அரைகுறையாகச் சாப்பிட்டார். அவளும் பார்க்காததுபோல இருந்தாள். மறுநாள் காலையில் அவர் போர்வை கட்டிலின் காலடியில் சுருண்டு கிடந்தது. நுனியோடு நுனி சேர்த்து மடித்துவைக்காமல் எழுந்திருக்கிற மனிதரே அல்ல. அவளே அவசரமாக எடுத்து மடித்துவைத்தாள். மடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல.

புதன்கிழமை கால்நடை டாக்டரம்மா எலி அறைக்குள் வந்தார். கடைசி வரிசையில் ஒரு பெட்டி முன்னால் நின்றவர் நகரவே இல்லை. காகிதக் கீற்றுகள் அப்படியே கிடந்தன. ஓர் எலி மூலையில் ரோமம் சிலிர்த்துக் குந்தியிருந்தது.

"இது நேத்தே தெரிஞ்சிருக்குமே. உன் கண்ணுக்கா தப்பிச்சுது?"

"தெரிஞ்சுது டாக்டரம்மா."

"அப்புறம் ஏன் சீட்டு வைக்கலை?"

"வச்சா... முடிச்சிடுவீங்களே. மறுநாள் பெட்டி காலியாத்தானே இருக்கும்."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காலியா இருந்தா செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா? நீ சீட்டு வச்சதுல பாதிக்கு மேல என் வார்டுல மருந்து சாப்பிட்டுப் பிழைச்சிருக்கு. கூடு கட்டிக்கிட்டு ஜம்முனு இருக்கு. நீ ஒரு தடவை கேட்டிருந்தா கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேனே!"

எலியக்கா மூலையில் குந்தியிருந்த எலியைப் பார்த்தாள்.

"நேத்து வச்சிருந்தா இதையும் பார்த்திருப்பேன்" என்றார் டாக்டரம்மா, குரலைத் தணித்துக்கொண்டு. "இப்ப வலி தெரியாம அனுப்பத்தான் முடியும்."

மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் ஓடினாள். ஆட்டோவில் உட்கார்ந்து, வார லீவில் வீட்டிலிருந்த புருஷனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. "சீக்கிரம் போங்கண்ணே, சீக்கிரம்" என்று ஓட்டுகிறவரின் உயிரை வாங்கினாள். தெருமுனை சிக்னலில் வண்டி நின்றபோது வாய்விட்டு அழுதாள்.

அவர் குளியலறை வாசலில் தரையில் கிடந்தார். உடம்பு கொதித்தது. வயிறு பலகையாக இறுகியிருந்தது. அவளைப் பார்த்ததும் அப்போதும் எழுந்து உட்காரப் பார்த்தார். "ஒண்ணுமில்லை... வாயுப்பிடிப்பு" என்றார்.

"வாயை மூடுங்க!" என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. அதே ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், படத்தைப் பார்த்ததும் அவர் நடையே வேகமாகிவிட்டது. "குடல்வால் வெடிச்சு வயிறு பூரா சீழ் பரவியிருக்கு. உடனே திறக்கணும். பிழைப்பாரான்னு இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா." தள்ளுவண்டியில் அவரைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கையுறையை இழுத்தபடியே கேட்டார்: "பல நாளா வலிச்சிருக்கணுமே. வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"அவளைக் கேக்காதீங்க டாக்டர்" என்றார் வண்டியில் கிடந்தவர். மூச்சு வாங்கியது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ வர்ற சத்தம் கேட்டாலே நிமிர்ந்து உக்காந்துப்பேன். நான்தான் மறைச்சேன்."

எலியக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்ங்க" என்றாள். "திங்கக்கிழமையே எனக்குத் தெரியும்."

அவர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அப்புறம் ஏம்மா சொல்லலை?"

"பயமா இருந்துது."

"எனக்கும்தான்" என்றார்.

வண்டியைத் தள்ளினார்கள். கையை விடாமல் அவளும் கூடவே ஓடினாள். அறுவை அறையின் கதவருகே நர்ஸ் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.